கலெக்டருக்கு ஆள் வேணும்

ஒட்டுக் கேட்டேன்னு நெனச்சுக்காத அம்மிணி. நான் அந்த மாதிரி ஆளில்ல. ஈரோட்டுல ஏறினதுலருந்து நீ ஒவ்வொருத்தரையா போன்ல கூப்பிட்டுக் கேட்டுட்டே வர்றே, எதுத்த சீட்டுல உக்காந்திருக்கறவ காதுல விழாம எங்க போகும்? அஞ்சு நாளைக்கு உன்ற மீன்தொட்டிக்குத் தீனி போட ஆளு வேணும். நாலு பேரு மாட்டேன்னுட்டாங்க. அஞ்சாவது ஒருத்தி, கூட வேலை செய்யறவளாட்ட இருக்குது, யோசிச்சுச் சொல்றேன்னா. அவ பாக்க மாட்டா, எழுதி வெச்சுக்க. யோசிக்கறேன்னு சொன்னவங்க யாரும் பாத்ததில்ல. எனக்குத் தெரியும். ஏன்னா நான் பதினோரு பேருகிட்டக் கேட்டவ.

மீனில்ல கண்ணு. மீனா இருந்தா தூக்குப்போசில ஊத்தி மடியில வெச்சுட்டு வந்திருப்பனே. எங்கூட்டுல இருக்கறது ஈமு கோழி. சிரிக்காத. கோழின்னா உங்கூரு கோழியாட்ட இல்ல, என்னைவிட ஒரு சாண் உசரம். பேரு கலெக்டரு.

எங்க பெருந்துறைப் பக்கமெல்லாம் முந்தி ஒரு காலத்துல ஈமு கோழி வளக்கறதுன்னு ஒரு கிறுக்குப் புடிச்சு ஆட்டுச்சு. கம்பெனிக்காரன் குஞ்சு குடுப்பான், வளத்துனா அவனே எடுத்துக்குவான்னு ஊரே வளத்துச்சு. எங்கூட்டுக்காரரும் ஆறு குஞ்சு கொண்டாந்தாரு. ஒரு நா கம்பெனிக்காரன் பூட்டைப் போட்டுட்டுப் போயிட்டான். ஊருக்குள்ள தெறந்து உட்டுட்டாங்க எல்லாத்தையும். ரோட்டுல பஸ்ஸுக்கு முன்னால ஈமு கோழி ஓடுச்சு. எங்கது அஞ்சு ஒண்ணொண்ணாப் போயி, ஒண்ணு மட்டும் நின்னுக்கிச்சு. காலையில எந்திரிச்சுக் கையப் பின்னால கட்டுனாப்ல ஒரு நடை நடக்கும். மாட்டுக் கொட்டாய எட்டிப் பாக்கும், தண்ணித் தொட்டிய எட்டிப் பாக்கும், சமையக்கட்டு சன்னல்ல தலைய உட்டு நான் என்ன கிண்டறேன்னு பாக்கும். "ஏ புள்ள, கலெக்டரு ஆய்வுக்கு வந்துட்டாரு, எல்லாம் மூடி வையி"ம்பாரு எங்கூட்டுக்காரரு. அந்தப் பேரே நெலைச்சுப்போச்சு. அவிய போயி அஞ்சு வருசமாச்சு. கலெக்டரு இருக்காரு.

என்னைத் தவிர யாரையும் அண்ட உடாது. அதச் சொல்லிப்போடறேன் மொதல்ல. அவ்வளவு பாசம்.

இதுல ரங்கநாயகின்னு ஒருத்தி வருவா. அவ யாருன்னா என்ற ஓரகத்தி. எங்கூட்டுக்காரரு தம்பி குழந்தைவேலு இருக்காரே, என்ற கொழுந்தனாரு, அவரு சம்சாரம். பாகம் பிரிச்சப்ப ஊட்டுக்கு நடுவுல ஒரு மதிலு வெச்சோம். இக்கட்டால நானு, அக்கட்டால அவ. மதிலு எங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் மேல. ஆனா கலெக்டரு கழுத்துக்குக் கீழ. புரியுதா? நாங்க ஒருத்தர ஒருத்தரு பாக்க வேண்டாம், அவரு ரெண்டு பக்கமும் பாப்பாரு.

எனக்கும் அவளுக்கும் ஒம்பது வருசமாப் பேச்சு கெடையாது. காரணம் சொல்றேன், நீயே நாயஞ் சொல்லு.

மாரியம்மன் நோம்பிக்கு மொத நாளு. தலைக்கு எண்ணெ வெக்கறதுக்கு அவ தோட்டைக் கழட்டி மதிலு மேல வெச்சாளாம். ஏழு கல்லு தோடு, அவங்கம்மா போட்டது. குளிச்சுட்டு வந்து பாத்தா ஒத்தைத் தோடுதான் இருக்குதாம். உடனே, "என்ற தோட்டை உங்க கலெக்டரு முழுங்கிப்போட்டாருக்கா"ன்னு கத்துனா. பாத்தியா? பாத்தவங்க யாராச்சும் உண்டா? இல்ல. பளபளன்னு இருக்கறதக் கொத்துமாம், முழுங்குமாம். ஒரு வாயில்லாப் பறவைய, அதுவும் அந்தப் பேரை வெச்சுக்கிட்டு இருக்கறத, திருடன்னு சொல்லலாமா? எனக்கு வந்துச்சு கோபம். நானும் எகிறுனேன். கடைசீல அவ ஒரு வார்த்தை சொன்னா. "பறவைய மட்டும் சொல்லி என்ன பண்றது, வளத்தறவங்க புத்திதான அதுக்கும் வரும்"னா. நான் நேராப் போயி மாரியாத்தா முன்னால கப்பூரம் ஏத்தி, "என்ற கலெக்டரு தொடலை"ன்னு சத்தியம் பண்ணிப்போட்டேன். ஊரே பாத்துச்சு.

எட்டாம் நாளு கலெக்டரு அதைக் குடுத்துட்டாரு.

எப்படின்னு கேக்காத. வாசக் கூட்டறப்ப மினுக்குனு இருந்துச்சு. ஏழு கல்லும் அப்படியே இருந்துச்சு. சோப்புப் போட்டு மூணு தண்ணியில அலசுனேன்.

குடுத்திருக்கலாமேங்கறியா? அதெப்படிக் குடுக்கறது? சாமி முன்னால சத்தியம் பண்ணியாச்சு. குடுத்தா நான் பொய்ச்சத்தியம் பண்ணினவ ஆயிருவேன். அவ வந்து, "அக்கா, நான் பேசுனது தப்பு"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், எங்கயோ கெடந்துச்சுன்னு குடுத்தர்லாம்னு வெச்சிருந்தேன். அவ வரலை. ஒம்பது வருசம். அவ்வளவு அகம்புடிச்சவ. எங்கூட்டுக்காரரு தவறுனப்ப வந்தா. பதினாறு நாளும் எங்க சமையக்கட்டுலயே நின்னு வந்தவங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டா, எனக்கு வட்டல்ல போட்டு முன்னால வெச்சுட்டுப் போனா. ஆனா அந்த ஒரு வார்த்தை சொல்லலையே!

செரி, அதை உடு. போன வருசம் ஐப்பசில என்ற மக நித்யகலா நாக்பூர்ல இருந்து போன் பண்றா. மாசமா இருக்கா, மொதப் பிரசவம். நம்மூட்டுக்குத்தான் கூட்டியாரோணும், ஆனா டாக்டரு பயணமே கூடாதுன்னுட்டாங்களாம். "அம்மா, நீதான் வந்து மூணு மாசம் இருக்கோணும்"ங்கறா. நான் உடனே, "கலெக்டர யாரு பாத்துக்கறது?"ன்னேன். அவ அழுதுட்டா. அந்த நேரத்துல புள்ளைகளுக்கு எல்லாத்துக்கும் அழுகை வரும்.

அப்ப ஆரம்பிச்சது ஆள் தேடறது. கோயமுத்தூர்ல நாயி பூனை உட்டுட்டுப் போற எடம் இருக்குதுன்னாங்க. போன் போட்டேன். "என்ன ஜாதி நாய்ங்க?"ன்னு கேட்டான். "நாயில்ல, ஈமு"ன்னேன். "அது புது ஜாதிங்களா?"ன்னான். "ஆறடி உசரம், ரெண்டு காலு"ன்னதும் போனை வெச்சுட்டான். கோயில் கோசாலையில கேட்டேன். "அம்மா, இது பசுமாட்டுக்குங்க"ன்னு எனக்கே சொல்லிக் குடுத்தாரு ஒரு அய்யா. கோழிப்பண்ணைக்காரன் பாத்துக்கறேன்னு ரொம்ப சந்தோசமாச் சொன்னான். அவன் சொன்ன சந்தோசம் எனக்குப் புடிக்கலை. என்ற அண்ணன் ஒருத்தரு, மிலிட்டரில இருந்து வந்தவரு, "எனக்குப் பாகிஸ்தான் பார்டரே பயமில்ல"ன்னு சொல்லி ஒரு நா பாத்துப் பழகறேன்னு வந்தாரு. மதியத்துக்குள்ள மோட்டார் ரூம் மேல ஏறி உக்காந்துக்கிட்டாரு. கண்ணாடி கலெக்டரு வாயில. எறக்கறதுக்கு ஏணி வெக்க வேண்டியதாப் போச்சு.

நான் டிக்கெட்டை ரத்துப் பண்ணிப்போடலாம்னு இருந்தேன். நெசமா. அன்னைக்குப் பாத்துக் கொழுந்தனாரு வந்தாரு. வாசல்லயே நின்னு செருப்பைப் பாத்துட்டே சொல்றாரு, "அண்ணி, அவ பாத்துக்கறேங்கறா."

"யாரு?"

"அவதான்."

"நான் கேக்கலையே?"

"நீங்க கேக்கலைன்னு அவளுக்கும் தெரியும். புள்ளை அங்க தனியாக் கெடக்குதாம், போகச் சொல்லுங்கங்கறா."

எனக்கு வேற வழி? செரின்னுட்டேன். ஆனா அவகிட்டப் பேசலை. ஒரு காகிதத்துல இருவத்திமூணு சங்கதி எழுதிக் கொழுந்தனாருகிட்டக் குடுத்து உட்டேன். கம்பு எத்தனை படி, கீரை எப்ப, தண்ணி எதுல, பவுர்ணமியன்னைக்கு எப்படி நடந்துக்குவாரு, எல்லாம். கெளம்பறப்பப் பாக்கறேன், மதிலுக்கு அக்கட்டால அவ ஒரு வட்டலைக் கரண்டில தட்டுனா. கலெக்டரு தட்டுன சத்தத்துக்கு நாலு கால் பாய்ச்சல்ல மதிலுக்கு ஓடுனாரு. பயந்துட்டாரு பாவம். நான் "கலெக்டரே, போயிட்டு வர்றேன்"னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன், திரும்பக்கூட இல்ல. என்னைப் பிரியற வெசனம். அப்புறம் அவ மதிலு மேல ராகி உருண்டை ஒண்ணு நீட்டுனா, அதை அவ கையிலருந்தே தின்னாரு. ராகி உருண்டை என்ற காகிதத்துல எழுதவே இல்லையே, இவளுக்கு யாரு சொன்னாங்கன்னு வண்டியில போறப்பல்லாம் யோசிச்சேன்.

நாக்பூர் போயிச் சேந்தேன். தினம் ரெண்டு போன், இல்ல அஞ்சாறு, கொழுந்தனாருக்குப் போடுவேன். நான் சொல்றத அவரு அவகிட்டச் சொல்லுவாரு, அவ சொல்றத என்கிட்டச் சொல்லுவாரு. ரெண்டு பேரு கொரலும் ரெண்டு பேருக்கும் கேக்கும், ஆனா அவரு சொன்னாத்தான் கணக்கு. ஒரு நாளு சம்பந்தியம்மா பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுட்டிருந்தாங்க. நான் போன்ல, "கலெக்டரு எங்க படுக்கறாரு? அவ ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிலயா? எத்தனை நாளா?"ன்னு கேட்டேன். அந்தம்மா டீயக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க பாரு! எங்க குடும்பத்தைப் பத்தி என்ன நெனச்சாங்களோ.

மார்கழி பொறந்துச்சு. நித்யகலாவுக்கு நல்லபடியாப் பையன் பொறந்தான். மூணாம் நாளு கொழுந்தனாரு போன். கொரலே செரியில்ல. "அண்ணி, கலெக்டரு உக்காந்துட்டாருங்க. எந்திரிக்க மாட்டேங்கறாரு. அஞ்சு நாளாப் பச்சத்தண்ணி தொடலை. புள்ளை பொறந்த நேரத்துல சொல்ல வேண்டாம்னு அவதான் தடுத்து வெச்சிருந்தா."

அவிய வெச்சுட்டுப் போன ஒண்ணு அது. படம் அனுப்புனாரு. அவங்க தர்ப்பூசணிக் காட்டோரம் கெடக்கறாரு, கண்ணு பாதி மூடியிருக்கு. பக்கத்துல ஒரு குடை விரிச்சு வெச்சிருக்குது, குடைக்குக் கீழ அவ உக்காந்திருக்கா. நான் பதறிப்போயி, "தம்பி, எங்கூட்டுச் சாவி இருக்குதில்ல, சாமி ரூம்ல மேல் தட்டுல தகர டப்பா ஒண்ணு இருக்கும், அதுல கலெக்டரு மருந்துப்பொடி இருக்குது, அதக் கரைச்சு ஊத்தச் சொல்லுங்க"ன்னேன். "இப்பவே அவள அனுப்பறேன்"னு வெச்சுட்டாரு.

வெச்சு, கொஞ்ச நேரங்கழிச்சுப் புள்ளைக்குத் துணி மாத்தப் போனேன். துணிய எடுத்த கையி அப்படியே நின்னுபோச்சு.

தோட்டை அந்த டப்பாலதான் போட்டு வெச்சிருந்தேன். மருந்து டப்பாவ யாரு தெறக்கப் போறாங்கன்னு!

திரும்பிப் போட்டேன் போனை. "தம்பி, அந்த மருந்து வேண்டாம். காலாவதி ஆயிருச்சு. டப்பாவத் தெறக்கவே வேண்டாம், அதுல தேளு இருக்குது"ன்னேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். "தெறந்து கரைச்சே ஆச்சுங்கண்ணி"ன்னாரு. "அவ என்ன சொன்னா?"ன்னேன். பின்னால அவ கொரலு கேக்குது. மருந்து இருந்துச்சுன்னு சொல்லச் சொல்றா. "மருந்து இருந்துச்சாம்"னாரு.

அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் அங்க தொண்ணூறு நாள்ல பாக்கி இருந்ததை எப்படிக் கழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பேரனைத் தாலாட்டறப்பக்கூட அந்த டப்பாதான் கண்ணுல வரும்.

கலெக்டருக்கு என்ன ஆச்சுங்கறியா? அதைக் கேளு. மருந்தை ஊத்த வாயத் தெறக்கலையாம். மக்காநாளு கால்நடை டாக்டரம்மா வந்து, மெல்ல றெக்கையத் தூக்கிப் பாத்துட்டு உழுந்து உழுந்து சிரிச்சாங்களாம். அடியில மூணு தர்ப்பூசணி. சின்னதாக் கரும்பச்சையா இருக்குமே, அந்த ரகம். ஈமு முட்டையும் அதே நெறமாம். இந்த இனத்துல பொட்டை முட்டையப் போட்டுட்டு நடந்துருமாம், அடை காக்கறது ஆம்பளையாம். ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்குமாம். இவரு பொட்டையவே பாத்ததில்ல, ஆனா காலம் வந்ததும் காட்டுல போயித் தானாப் பாத்து, மூக்கால உருட்டிச் சேத்து, உக்காந்துட்டாரு. "நோவு ஒண்ணுமில்ல, அப்பனாகறாரு, உட்டுருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ரங்கநாயகி உட்டுட்டு வரலையே. காட்டுல எல்லாப் பழத்தையும் அறுத்து லாரில ஏத்துனப்ப அந்தப் பாத்தியில மட்டும் கையி வெக்க உடலையாம். வெயிலுக்குக் குடை, பனிக்குச் சாக்கு. ஒரு பழம் அழுகுனா அவரு காலை மாத்தி வெக்கற நேரம் பாத்து அதை உருவிட்டுப் புதுசு ஒண்ணு உள்ள தள்ளுவாளாம். கொழுந்தனாரு அடுப்புல தானே சோறாக்கித் தின்னாராம். இதெல்லாம் அவரு பொலம்புனதுதான், அவ சொல்லலை.

தை கடைசீல நான் ஊரு வந்து சேந்தேன். பெட்டிய வாசல்ல வெச்சுட்டு நேராக் காட்டுக்குத்தான் போனேன். கலெக்டரு உக்காந்திருக்காரு, பாதியா எளைச்சு. அவ பக்கத்துல முக்காலியில, தலைய முழுக்கத் துண்டால சுத்திக்கிட்டு. காது தெரியலை. நான் அவளப் பாக்காம, "கலெக்டரே, நல்லாருக்கீங்களா?"ன்னேன்.

அவளும் என்னைப் பாக்காம, "நல்லாருக்கேன்னு சொல்லுங்க கலெக்டரே"ங்கறா.

"பேரன் மூணு கிலோன்னு கேட்டீங்களா கலெக்டரே?"

"யாரு சாடைன்னு கேளுங்க கலெக்டரே."

"அவங்க தாத்தா சாடை"ன்னேன். அதைச் சொல்றப்பவே எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. அவ துண்டை அவுத்து என்கிட்ட நீட்டுனா. மூஞ்சியத் தொடைச்சுட்டு நிமுந்து பாக்கறேன், ரெண்டு காதுலயும் தோடு. ஏழு கல்லு. ஒண்ணு மினுமினுன்னு, இன்னொண்ணு ஒம்பது வருசம் மருந்துப்பொடிக்குள்ள கெடந்து மங்கிப்போயி. ரெண்டையும் போட்டுக்கிட்டு என்னை நேராப் பாக்கறா.

எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ள போயிரலாமாட்ட இருந்துச்சு. வாயில வந்தது என்னன்னா, "தோடு நல்லாருக்குது."

"பழசுதானுங்க. கெடந்துச்சு, எடுத்துப் போட்டுக்கிட்டேன்"னா. அப்புறம் குடையச் செரியா நட்டு வெச்சுட்டே சொல்றா, "மருந்து காலாவதிதான். கொட்டிட்டு டப்பாவக் கழுவி இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். உள்ள வேற ஒண்ணும் இல்லக்கா."

அக்காங்கறா. ஒம்பது வருசத்துக்கப்புறம்.

ஆனா பாரு, அப்பக்கூட, புத்தி அது இதுன்னு அன்னைக்குப் பேசுனேனே, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கடைசி வரைக்கும் சொல்லலை! அவ்வளவு அகம். நானா? நான் எதுக்குக் கேக்கோணும்? எடுத்தது கலெக்டரு.

பத்து நாள் கழிச்சு ஒரு காலையில அவரே எந்திரிச்சாரு. குஞ்சு வரலைன்னு ரெண்டு தடவை கழுத்தை வளைச்சுப் பாத்தாரு. எனக்குப் பொக்குனு போச்சு. அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அப்புறம் கலெக்டரு ஒரு பெரிய கூடைக் கம்பைத் தின்னு தீத்தாரு. நாங்க அந்தக் கூத்துல இருக்கறப்ப, கொழுந்தனாரு பாத்தியில பழம் கெடக்குதேன்னு எடுத்துட்டுப் போயி வெட்டித் தின்னுட்டு, "கடைசிப் பழம் ருசியே தனி"ங்கறாரு. நான் அவளப் பாத்தேன், அவ என்னைப் பாத்தா. ரெண்டு பேரும் சேலை முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்குள்ள ஓடுனோம். இன்னைக்கு வரைக்கும் அவருக்குச் சொல்லலை.

அதுக்காக ராசி ஆயிட்டோம்னு நெனச்சுக்காத. பேச்சு கெடையாது. கலெக்டரு விசயமா மட்டும் பேசிக்குவோம். காலையில அவருக்குக் கீரை அரியறப்ப ஒரு மணி நேரம், மத்தியானம் அவரு குளிக்கறப்ப ஒரு மணி நேரம், சாயங்காலம் மதிலோரம். மதில்ல ஒரு கதவு வெச்சிருக்கோம், அதுவும் அவரு போக வரத்தான். இப்பப் பேரனுக்குப் பொறந்த நாளுன்னு நாக்பூர் போறனே, கலெக்டர அவகிட்டத்தான் உட்டுட்டு வர்றேன். இந்தத் தடவை காகிதம் எழுதலை. அவ ஒரு காகிதம் எழுதிக் குடுத்திருக்கா. எனக்கு. எந்த மாத்திரை எப்பத் திங்கோணும்னு. எதுக்கெடுத்தாலும் அதிகாரம்.

இரு, போன் அடிக்குது. அவதான். கலெக்டரு சங்கதியாத்தான் இருக்கும். நீ உக்காரு, போயிராத.

ம், சொல்லு. ஜோலார்பேட்டை தாண்டியாச்சு. தின்னாரா? நீ தின்னியா? நேத்து வெச்ச கொழம்பா? அதை மாட்டுக்கு ஊத்துடி, வவுறு கெட்டுப் போகும். ம்… தின்னுட்டேன், ரெண்டு இட்லி. மாத்திரை போட்டுக்கிட்டேன். இல்ல, கூட ஒரு புள்ளை இருக்குது, மெட்ராஸ்ல வேலையாட்ட இருக்குது, மீன் வளத்துது. ம்… ம்… ஆமா, கலெக்டரு என்ன பண்றாரு? அதைக் கேக்கத்தான கூப்பிட்டேன்… நீயா கூப்பிட்டே? யாரு கூப்பிட்டா என்ன. செரி வெச்சரட்டா? … நீ வை. … ஏன், நான்தான் வெக்கோணுமா? … செரி, யாரும் வெக்க வேண்டாம். கொஞ்ச நேரத்துல சிக்னல் போயிரும், அதுவாக் கட்டாகட்டும். நீ சொல்லு.